காபி ருசிக்கலையா? பொடியை மாற்றும் முன் இந்தத் தவறுகளைச் சரிசெய்யுங்கள்!

'கடையில குடிச்சா நல்லா இருக்கு. அதே பொடியை வாங்கிட்டு வந்து வீட்டுல போட்டா மட்டும் ஏன் அந்த ருசி வரல?'

வேலைக்காக வேறு ஊருக்குப் போய், முதல்முறையாகத் தனியாகச் சமைக்கத் தொடங்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. முதலில் பொடியின் பிராண்டை மாற்றுகிறார்கள். பிறகு எவர்சில்வர் ஃபில்டரை ஓரங்கட்டிவிட்டுப் பித்தளை ஃபில்டர் வாங்குகிறார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், 'அம்மா கைப்பக்குவம் நமக்கு வராது' என்று சொல்லிவிட்டு இன்ஸ்டன்ட் காபிக்குத் தாவிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் குறை பொடியிலும் இல்லை, கையிலும் இல்லை. அளவு, பொடியின் பதம், நேரம், சூடு ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். நான்குமே யாரும் சரிசெய்துகொள்ளக் கூடியவை.

சப்புனு இருக்கா, கசக்குதா?

வெந்நீர், காபிப் பொடியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கரைத்து எடுப்பதில்லை. புளிப்பு முதலில் இறங்கும். கசப்பும் துவர்ப்பும் கடைசியில் வரும். தண்ணீர் சீக்கிரம் ஓடிவிட்டால் காபி சப்பென்று, லேசான புளிப்போடு இருக்கும். பொடியோடு ரொம்ப நேரம் கிடந்தால் கசப்பு தூக்கலாகிவிடும்.

எனவே 'நல்லா இல்ல' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்து, எந்தக் குறை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் கசப்பு மறையும். ஆனால், நாளைக்கும் அதே கசப்புதான் வரும்.

இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது?

நம் ஊர் ஃபில்டரில் பிரச்னையைக் கண்டுபிடிக்க எளிய வழி கடிகாரம். டிகாக்‌ஷன் முழுவதும் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும்.

மூன்று, நான்கு நிமிடத்தில் இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பாக இருக்கிறது அல்லது தளர்வாகக் கிடக்கிறது என்று பொருள். ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு அரைத்த பொடி நம் ஃபில்டருக்குச் சரிப்படாது. கடையில் அரைத்து வாங்கினால் 'ஃபில்டருக்கு' என்று சொல்லி வாங்குவது நல்லது.

ஒரு மணி நேரம் ஆகியும் சொட்டுச் சொட்டாகவே இறங்கினால் மூன்று காரணங்கள் இருக்கலாம். பொடி மாவு மாதிரி இருக்கும், பொடியைக் கெட்டியாக அழுத்தியிருப்பீர்கள், அல்லது துளைகள் அடைத்திருக்கும். ஃபில்டருக்குள் குடை மாதிரி ஒரு தட்டு இருக்குமே, அது பொடியை இடித்து இறுக்குவதற்கு இல்லை. பொடியைச் சமமாகப் பரப்பி, தட்டை மெதுவாக அழுத்தி வைத்தால் போதும்.

துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அடைப்பு தெரிந்தால் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். சில சமயம் இரண்டு பாத்திரங்களும் இறுக்கமாகப் பொருந்தி, கீழே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் தேங்குவதும் உண்டு. மேல் பாத்திரத்தை லேசாக நெகிழ்த்தினால் சரியாகிவிடும்.

பொடியும் தண்ணீரும் எவ்வளவு?

இரண்டு டம்ளர் காபிக்குச் சுமார் 20 கிராம் பொடி, 100 மில்லி தண்ணீர் என்று தொடங்கலாம். பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கையில் கிடைப்பது 60 மில்லி அளவுக்குத்தான். 'கம்மியா இருக்கே' என்று மேலும் தண்ணீர் ஊற்றும்போதுதான் காபி கெட்டுப்போகிறது. விருந்தினர் வந்தால் தண்ணீரை மட்டும் கூட்டக் கூடாது, பொடியையும் கூட்ட வேண்டும்.

தண்ணீர் நன்றாகக் கொதித்து அடங்கியதும் ஊற்றி, உடனே மூடிவிடுங்கள். எவர்சில்வர் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். ஏற்கெனவே ஆறிய வெந்நீரை ஊற்றினால் காபி சப்பென்றுதான் இருக்கும்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நினைப்பது பரவலான தவறு. கறுப்பும் கெட்டித்தன்மையும் சிக்கரியாலும் வரும். சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் கஃபீன் கிடையாது. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. கலப்பு எவ்வளவு என்பது பாக்கெட்டிலேயே இருக்கும். 80-க்கு 20 குடித்துப் பழகியவர், 60-க்கு 40 வாங்கிவிட்டு 'ருசி வரல' என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

அடுத்தது, பொடியின் வயது. தினமும் ஒரு டம்ளர் குடிப்பவருக்கு 10 கிராம் போதும். அவர் அரை கிலோ வாங்கினால் தீர 50 நாளாகும், அதற்குள் மணம் போய்விடும். 100 கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதே மேல். அடிக்கடி பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரமும் மற்ற வாசனைகளும் பொடியில் ஏறும்.

திரும்பச் சூடாக்கலாமா?

காலையில் இறக்கிய டிகாக்‌ஷனை மாலையில் நேரடியாக அடுப்பில் வைப்பது பலர் செய்யும் தவறு. மணம் ஆவியோடு போய், கசப்பு ஏறும். டிகாக்‌ஷன் பாத்திரத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். பாலை அப்போதே காய்ச்சி, பொங்கி வந்த சூட்டோடு ஊற்றினால் அதுவும் தேவையில்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் ருசி மாறியது என்று தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள்.

கைப்பக்குவம் என்பது என்ன?

'அம்மா எதையும் அளக்க மாட்டாங்க' என்பார்கள். இருபது வருடமாக அதே ஸ்பூன், அதே ஃபில்டர், அதே கடைப் பொடி என்றால் அதற்குப் பெயரே அளவுதான். அவர்கள் அளப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

அதைக் 'கைப்பக்குவம்' என்று புகழ்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. வேறு யாருக்கும் வராது என்று முடிவுசெய்துவிட்டால், தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து டிகாக்‌ஷன் போடும் வேலை அவர் தலையிலேயே நின்றுவிடும். 20 கிராம், 100 மில்லி, 15 நிமிடம் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் போடலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலை காபியை நீங்கள் போடுங்கள். அம்மா கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும்.