கல்விச் சீர்: கடைமடையிலிருந்து ஒரு கேள்வி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது. எழுதினா ஊர்ல உதை விழும்னு ஒரு பயம். பரவாயில்ல, எழுதிடறேன்.

எங்க ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். போன முறை ஊருக்குப் போனப்ப பள்ளிக்கூடத்துல கல்விச் சீர். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்: தாய்மாமன் சீர் கொண்டுபோற மாதிரி, ஊரே சேர்ந்து அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோறதுதான் இது. பீரோ, நாற்காலி, ஃபேன், குடிதண்ணி மெஷின், தாம்பாளத்துல நோட்டும் பேனாவும் பழமும். முன்னாடி மேளம், வெடி. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் சில வருஷமா நல்லாப் பரவியிருக்கு. நானும் ஒரு தாம்பாளம் தூக்கினேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை.

சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். புது ஆத்துக்கு அக்கரையில இருக்கற பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவங்க.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு எப்ப பெரியம்மா சீரு?"

"யாருடா தம்பி கொண்டு வருவா? அங்க படிக்கறதெல்லாம் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போறவங்க புள்ளைங்க. துபாய்ல யாரு இருக்கா, சிங்கப்பூர்ல யாரு இருக்கா?"

அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டும் அரசுப் பள்ளி. ரெண்டுக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே பொதுத் தேர்வு. எங்க பள்ளியில சீருக்கு முன்னாடியே ஃபேன் இருந்துச்சு, இப்ப கூடுதலா நாலு. அங்க ஒரு ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு, இப்ப அதுவும் இல்லை. இருக்கற இடத்துக்கே திரும்பவும் போகுது. இதுக்குப் பேரு கொடைன்னா, கொடைக்குக் கண்ணு இல்லைன்னுதான் அர்த்தம். இன்னொண்ணும் கேக்கறேன், கோபப்படாதீங்க. சீர் ஊர்வலம் எந்தெந்தத் தெரு வழியாப் போகுது, எந்தத் தெருவுக்குள்ள போகாமத் திரும்புதுன்னு உங்க ஊர்ல பார்த்திருக்கீங்களா? தமிழ்நாட்டுல ஆயிரத்துக்கும் மேல ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கு. அந்தப் பள்ளிகளுக்கு எத்தனை மேளம் போச்சு?

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து தெரியும்ல? மொய்யில ஒரு நியாயம் இருக்கு. இன்னிக்கு நீ எனக்குச் செய், நாளைக்கு நான் உனக்குச் செய்வேன். ஆனா செய்முறைக்கு வழியில்லாதவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடறதில்லை. கல்விச் சீரும் அந்தக் கணக்குலதான் போய்க்கிட்டிருக்கு.

பொருளோட நின்னாக்கூடப் பரவாயில்லை. ஆசிரியர் இல்லாத பாடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா ஆள் வெச்சு, ஊர்ல வசூல் பண்ணிச் சம்பளம் குடுக்கறது நம்ம பக்கம் பழைய வழக்கம். ப்ளஸ் டூவில எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தவரே அப்படி வந்தவர்தான். அவர் இல்லைன்னா நான் காலேஜ் வாசலை மிதிச்சிருக்க மாட்டேன். வசூல் பண்ண முடியாத ஊர்ல என் வயசுப் பையன் என்ன பண்ணியிருப்பான்? ஒருத்தனுக்குக் கணக்கு வாத்தியார் கிடைக்கறது ஊர் உண்டியலைப் பொறுத்ததுன்னா, அப்புறம் அரசுப் பள்ளிங்கற பேர் எதுக்கு?

"காமராஜரே மக்கள்கிட்ட வாங்கித்தானே பள்ளிக்கூடம் வளர்த்தார்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 1958ல பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கினப்ப, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநரா முன்னால நின்னார். ஊர் ஊரா மக்கள் கட்டடமும் பெஞ்சும் குடுத்தாங்க. ஆனா அப்ப அரசாங்கமும் ஊருக்கு ஊர் புதுசாப் பள்ளிக்கூடம் திறந்துக்கிட்டிருந்துச்சு, கை நிறையப் பணமும் இல்லை. இன்னிக்கு நிலைமை அதுவா? 2025-26 பட்ஜெட்ல பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல ஒரு பள்ளிக்கு வருஷ மானியம்னு வர்றது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும். பிள்ளைங்க குறைஞ்சா மானியமும் குறையும். ஆனா சின்னப் பள்ளிக்கூடத்துக் கூரை சின்ன மழைக்கு மட்டும்தான் ஒழுகுமா?

2009 கல்வி உரிமைச் சட்டம் கட்டடம், ஆசிரியர், கற்பிக்கும் சாமான் எல்லாம் அரசாங்கத்தோட கடமைன்னு தெளிவாச் சொல்லுது. கடமையைச் சீர்வரிசையா மாத்தினா என்ன ஆகும்? குடுக்கற ஊர் கைதட்டு வாங்கும். குடுக்க முடியாத ஊர் 'ஆர்வம் இல்லாத பெற்றோர்'னு பேர் வாங்கும். 2022 டிசம்பர்ல அரசாங்கமே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு நன்கொடைத் திட்டம் தொடங்குச்சு. எண்ணம் நல்லதுதான். ஆனா கொடுக்கறவர் தனக்குப் பிடிச்ச பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். யார் எதைத் தேர்ந்தெடுப்பாங்க? தான் படிச்ச பள்ளியை. வெளிநாடு போன பழைய மாணவர் இல்லாத பள்ளியை யார் தேடிப் போவாங்க?

இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல்ல ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தென்னை மொத்தமும் சாஞ்சுச்சே, அந்த வருஷம் எந்த ஊர் சீர் கொண்டுவர முடியும்? பள்ளிக்கு அதிகமாத் தேவைப்படற வருஷத்துலதான் ஊர் கையில காசு இருக்காது.

சரி, திட்டினது போதும், என்னதான் பண்ணச் சொல்றேன்? சீரை நிறுத்தச் சொல்லலை. அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்துல ரொம்ப வருஷம் ஒரு விதி இருந்துச்சு. ஒரு பள்ளிக்குப் பெற்றோர் திரட்டின பணம் 10,000 டாலரைத் தாண்டினா, தாண்டினதுல மூணுல ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும், அங்கேர்ந்து ஏழைப் பள்ளிகளுக்கு. குறை இல்லாத ஏற்பாடுன்னு சொல்லலை. ஆனா பிரச்சினை இருக்குன்னாவது ஒத்துக்கிட்டாங்க.

நமக்கு அமெரிக்கா கூட வேண்டாம். புது ஆத்துத் தண்ணியே போதும். தலைமடைக்காரன் அவன் பாட்டுக்கு மதகைத் திறந்து வெச்சுக்கிட்டா கடைமடை காயும்னு டெல்டாவுல சின்னப் பையனுக்கும் தெரியும். அதனாலதான் முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கறப்ப, 'என் வயலுக்கு நான் பாய்ச்சறேன், உனக்கென்ன?'ன்னு கேட்டா ஊர் சும்மா விடுமா? பள்ளிக்கூடத்துக்கும் அந்த முறை வரட்டும். ஒன்றியத்துக்கு ஒரு பொது நிதி, ஒவ்வொரு சீர்லேர்ந்தும் மூணுல ஒரு பங்கு அதுக்கு. எந்தப் பள்ளியில என்ன இல்லைங்கற பட்டியல் ஒன்றிய அலுவலகச் சுவத்துல ஒட்டியிருக்கணும். ஆசிரியர் சம்பளம் மட்டும் எந்த ஊர் உண்டியல்லேர்ந்தும் வரக் கூடாது, அது அரசாங்கம் தரவேண்டியது.

அடுத்த சீருக்கு என்கிட்ட வசூலுக்கு வந்தா குடுப்பேன். ஆனா அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு ஆத்துப் பாலத்தைத் தாண்டித்தான் நடப்பேன். மேளக்காரரும் கூட வந்தா சந்தோஷம்.

டிஸ்கி: எங்க ஊர்ப் பெரியவங்க யாராச்சும் இதைப் படிச்சா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அக்கரைப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)