மேய்ச்சற்றரைக்கு ஓர் எல்லைக்கோடு

1800ஆம் ஆண்டு முதல் இத்தீவை அளந்துவரும் நில அளவைத் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். அதன் 1:50,000 இடவிளக்கப்படங்களில் குளம், ஓடை, சமவுயரக்கோடு யாவும் உண்டு. பெரும்போகம் தொடங்கியதும் வயல்களைக் காக்க மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைக்கு ஓட்டிச்செல்லும் வழக்கத்தை எந்தக் கோடு காட்டும்?

மகாவலி வலயத்துள் அகப்பட்ட அத்தரையில் வெளியார் பயிர்செய்யப் புகுந்தனர். 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினர். மட்டக்களப்புத் தயிர்ச்சட்டியைத் தேடி வாங்கும் கொழும்புத் தமிழராகிய நாம் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

அத்தரையை அளந்து, எல்லைக்கல் நாட்டி, மேய்ச்சற்றரையென வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும். அளவையாளரோடு மாடு மேய்ப்பவரும் கூடவே நடக்கட்டும். எந்த மாதத்தில் எந்தக் குளம் வற்றும் என்பதை அவரே அறிவார்.