உதட்டின் ஓய்வும் ஊதியத்தில் சேரும்

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று கொடியேறும். செப்டம்பர் 8 அன்று தேர்பவனியோடு திருவிழா நிறைவுறும். பெங்களூரின் இப்பகுதியில் திருவிழா, திருமண ஊர்வலம், இறுதி ஊர்வலம் என எதுவாயினும் பேண்டு வாத்தியம் தெருவுக்கு அயலானதன்று. ஊர்வலத்தின் கடைசித் தெருவில் டிரம்பெட் கலைஞர் மேல்ஸ்தாயிச் சுரத்தை எட்ட முடியாமல் தடுமாறினால், கேட்பவர் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "பயிற்சி போதாது." இத்தீர்ப்பில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைப் பேசுவாரில்லை.

நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. ஆர்மோனியத்தில் உலோக நாக்கு அதிர்கிறது. டிரம்பெட்டில் அவ்வாறான உறுப்பு எதுவும் இல்லை. ஊதுபவரின் உதடுகளே அங்கு நாக்காகின்றன. ஒலியியல் பயின்றோர் இதனை எளிதில் உணரலாம். பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால் பிறக்கின்றன என்றும், உகரம், ஒகரம் முதலியன இதழ் குவிவதால் பிறக்கின்றன என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கிறது. டிரம்பெட் கலைஞர் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்கிறார்: இதழ்களை இயைத்து, ஓரங்களை இறுக்கி, நடுவே காற்றை விடுகிறார். பேச்சில் ஒரு பகரத்துக்கு நொடியின் சிறு பகுதியே இதழ் மூடியிருக்கும். வாத்தியத்திலோ அந்த இறுக்கம் ஒரு பாட்டு முடியும்வரை நீடிக்க வேண்டும். 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒலிக்கும்போது உதடு நொடிக்கு 440 முறை அதிர்கிறது. சுரம் உயர உயர இறுக்கமும் காற்றழுத்தமும் கூடுகின்றன. இவ்வளவும் நிகழ்வது சுமார் 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மவுத்பீஸின் விளிம்புக்குள்.

உதட்டைச் சூழ்ந்த தசை, மற்றெந்தத் தசையையும் போலவே களைப்படையும். களைத்த தசையால் உதட்டை இறுக்க இயலாதபோது, கை தானாகவே மவுத்பீஸை முகத்தோடு அழுத்துகிறது. சுரம் கிடைத்துவிடுகிறது, ஆனால் அழுத்தத்தால் உதட்டின் இரத்த ஓட்டம் தடைபடுகிறது, களைப்பு இன்னும் விரைகிறது, மேலும் அழுத்த வேண்டியதாகிறது. இச்சுழலே பெரும்பாலான உதட்டுச் சிக்கல்களின் தொடக்கம்.

களைப்பு வேறு, காயம் வேறு. களைப்பு ஓய்வில் தீரும். தசைநார் கிழிந்தால் ஓய்வு மட்டும் போதாமற்போகலாம். லூயி ஆம்ஸ்ட்ராங் 1930களின் நடுவில் உதட்டுக் காயத்தால் சில மாதங்கள் ஊதாமலிருக்க நேர்ந்தது. அவருடைய பட்டப்பெயரைக் கொண்டே, உதட்டைச் சூழ்ந்த தசை கிழியும் நிலைக்கு 'சாட்ச்மோ நோய்க்குறி' என்று 1982இல் மருத்துவ இதழொன்றில் பெயரிடப்பட்டது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் நிலையும் உண்டு: வலியே இல்லாமல், ஊதும்போது மட்டும் உதடு கட்டுப்பாட்டை இழக்கும் நரம்பியல் கோளாறு. மூன்றையும் 'பயிற்சிக் குறை' என்ற ஒரே பெயரில் அடக்குவது, நோயாளியையே நோய்க்குக் குற்றவாளியாக்குவதாகும்.

ஆசிரியர்கள் தரும் அறிவுரைகள் சரியானவையே. அழுத்தத்தைக் குறை, காற்றைக் கூட்டு, நீள்சுரங்களால் உதட்டைப் பழக்கு, ஊதிய நேரத்தின் அளவுக்கு ஓய்வெடு. ஆனால் இவை அறைக்குள் நின்று ஊதுபவருக்கு உரியவை. தெருவில் ஊதுபவர் நடந்துகொண்டே ஊதுகிறார். பள்ளத்தில் கால் இடறினால் மவுத்பீஸ் பல்லில் மோதும். நடுவே சிக்குவது உதடு. பக்கத்தில் டிரம் முழங்க, பின்னால் வாகனங்கள் ஒலியெழுப்ப, தன் சுரம் தன் காதில் விழாதவர் மேலும் பலமாக ஊதுகிறார். முகூர்த்த நாளில் ஓர் ஊர்வலம் முடிந்ததும் அடுத்தது காத்திருக்கும். பாட்டு நின்றால் கூலி கொடுப்பவர் திரும்பிப் பார்ப்பார். இந்நிலையில் 'ஓய்வெடு' என்னும் அறிவுரை, வேலையை விடு என்பதற்குச் சமமாகிறது.

தொழில்முறைக் கலைஞர் இதையெல்லாம் தாங்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். மேலைச் சிம்பொனி இசைக்குழுக்கள் வேறு விடை தருகின்றன. அங்கு டிரம்பெட்டுக்கு எழுதப்படும் பகுதியிலேயே நீண்ட மௌனங்கள் உண்டு. முதன்மை ஹார்ன் கலைஞரின் உதட்டைக் காக்கவென்று ஓர் உதவிக் கலைஞரை அமர்த்தும் வழக்கமும் உண்டு. 1809இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்தபின் இங்கு ஒலித்த இராணுவ பேண்டு மரபிலும், இரு பாடல்களுக்கிடையே டிரம் மட்டும் முழங்க நடப்பது இயல்பு. நடை நிற்பதில்லை, உதடு ஓய்கிறது. தமிழ் மரபும் இதனை அறியாததன்று. பெரிய மேளத்தில் இரு நாகசுரங்கள் மாறி மாறி வாசிக்கும். தவிலின் தனி ஒலிக்கும்போது நாகசுரம் கீழிறங்கும். அங்கும் உழைப்பு கடுமையானதே, கலைஞர் பட்ட சமூக இழிவும் மறக்கத்தக்கதன்று. எனினும் ஓய்வு அவ்விசையின் வடிவத்துக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது. அதைக் குறை என எவரும் கொள்ளவில்லை.

எனவே தெருவில் ஊதும் கலைஞருக்கு இல்லாதது உதட்டின் வலிமை அன்று, மாற்று ஆள். இரண்டு டிரம்பெட் வேண்டிய இடத்தில் ஒன்றை அமர்த்தி மிச்சம் பிடிக்கும் செலவு, அந்த ஒருவரின் உதட்டிலிருந்து வசூலாகிறது.

சட்டமும் இதனைக் காணவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களை மூன்றாம் அட்டவணையில் பட்டியலிட்டிருந்தது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புக்கு அதில் இடமிருந்தது. ஊதுகலைஞரின் உதட்டுக்கு இருக்கவில்லை. பட்டியலில் சேர்ந்தாலும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகக் கூலி பெறும் ஒருவர் எந்த முதலாளியிடம் இழப்பீடு கோருவார் என்பது அடுத்த வினா.

கல்விப்புலத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. கன்னத் தசைக்கு 'பக்சினேட்டர்' என்று உடற்கூற்றியல் பெயரிட்டிருக்கிறது. எக்காளம் ஊதுபவர் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். ஊதுபவரின் பெயரையே ஒரு தசைக்கு வைத்த அறிவுத்துறை, அவரது உழைப்பை ஆய்வுப்பொருளாகக் கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் பேண்டு இசையின் பாடல்களையும் சடங்கு இடத்தையும் பதிவு செய்யும்போது, ஒரு நிகழ்ச்சியில் கலைஞர் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஊதினார், எப்போது நிறுத்த முடிந்தது, நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பவற்றையும் எழுத வேண்டும். பேச்சு ஒலியியல் ஆய்வுக்கூடங்களில் உதட்டுத் தசையின் மின்னியக்கத்தை அளக்கும் முறை ஏற்கெனவே உண்டு. அதே கருவி பகரத்தை அளப்பதுபோல் களைப்பையும் அளக்கும்.

அதுவரை, ஊர்வலத்துக்கு பேண்டு ஏற்பாடு செய்வோர் செய்யத்தக்கது எளிது: இரண்டு டிரம்பெட் கேளுங்கள், இரண்டுக்கும் கூலி கொடுங்கள், தெருமுனையில் டிரம் மட்டும் ஒலிக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். அடுத்த தெருவின் பாட்டு அந்த ஓய்விலிருந்தே பிறக்கிறது.