கத்தி வேறு, கதிர் வேறு

கிட்டப்பார்வையை அறுவை சிகிச்சையால் நீக்கிக்கொண்டவர் போர் விமானம் ஓட்டலாமா? 'கூடாது' என்றே அமெரிக்கப் படைகள் முன்பு மறுத்தன. மறுப்புக்குக் காரணம் இருந்தது.

அக்காலத்து அறுவையில், விழியின் முன்புறமுள்ள கார்னியாவைச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கத்தியால் கீறுவார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது அந்தக் கார்னியா வீங்கும், பார்வை மாறும்.

பின்பு லேசர் வந்தது. பி.ஆர்.கே. என்னும் முறையில் புறஊதாக் கதிர் கார்னியாவின் மேற்பரப்பை மெல்லச் சீவுகிறது. ஆழமான கீறல் இல்லை. இருவகையினரையும் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தில் 3 நாட்கள் தங்கவைத்துச் சோதித்த ஆய்வு 1996-ல் வெளியாயிற்று. கத்தி பட்ட கண்களில் பார்வை மாறியது. லேசர் பட்ட கண்களில் மாறவில்லை. மேலும் பல சோதனைகளுக்குப் பின், 2007-ல் அமெரிக்க விமானப்படை லாசிக் என்னும் லேசர் முறையையும் விமானிகளுக்கு அனுமதித்தது.

'கண் அறுவை' என்ற ஒரே பெயரால் இரண்டையும் ஒதுக்கியிருந்தால் திறமைசாலிகளை இழந்திருப்பார்கள். இரண்டையும் ஏற்றிருந்தால் உயிர்களையே இழந்திருக்கலாம். ஆகவே மாணவர்களே, விதி கடுமையாக இருப்பது தவறன்று. சோதனை புதிய உண்மையைக் காட்டிய பிறகும் மாறாதிருப்பதே தவறு.