இரங்கற்பாவுக்கு முன்னே ஒரு கேள்வி

2013 ஜனவரி 9இல் மூதூர் றிஸானா நபீக் சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டபோது நாம் இரங்கற்பா எழுதினோம். ஷரீஆ பற்றி ஆளுக்காள் சண்டை பிடித்தோம். தூதரகம் நிம்மதியாகத் தப்பிக்கொண்டது.

1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரைப்படி, கைதான வெளிநாட்டவரைத் தூதரக அதிகாரி நேரில் காணலாம், சட்டத்தரணியை அமர்த்திக் கொடுக்கலாம். 'லாம்' தான், கட்டாயமில்லை. 2005இல் குழந்தை மரண வழக்கில் பிடிபட்ட அவள் சட்டத்தரணியின்றியே வாக்குமூலம் கொடுத்தாள். பிறந்தது 1988, கடவுச்சீட்டில் 1982. பதினேழு வயதுப் பிள்ளை என்று பிறப்புச் சான்றிதழோடு உடனே போய்ச் சொல்ல ஓர் அதிகாரி போதுமே! 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டபின் மேன்முறையீட்டுச் செலவைத் திரட்டியதும் ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழுதான். (டொலர் அனுப்பும்வரை இவர்கள் நாட்டின் முதுகெலும்பாம்.)

கவிஞர்களே, அந்த 'லாம்' எங்கள் நாட்டுச் சட்டத்திலாவது 'வேண்டும்' ஆகட்டும் என்று எத்தனை பேர் எழுதினோம்?