செம்மணியால போன சைக்கிள் சுற்றுலா

என்ர மருமகள் (அக்காவின்ர மகள்தான்) மார்கழி லீவுக்கு ஊருக்குப் போய்வந்தவ. இங்க மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்ஷனில பிறந்து வளர்ந்த பிள்ளை. யாழ்ப்பாணத்தில ஒருநாள் சைக்கிள் சுற்றுலாவுக்குக் காசு கட்டிப் போயிருக்கிறா. வழிகாட்டி, ஹெல்மெட், தண்ணிப் போத்தல், மத்தியானம் ஒரு வீட்டில சாப்பாடு, பின்னேரம் இளநீர். நல்லூர்ப் பக்கத்தால வெளிக்கிட்டு செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், கைதடி எண்டு தென்மராட்சி வயல்களுக்குள்ள ஓடித் திரும்பியிருக்கினம்.

படங்களைப் பார்த்தன். காலபோக நெல்லு பச்சைப் பசேலெண்டு நிக்குது. வழிகாட்டி என்ன சொன்னவர் எண்டு கேட்டன். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, மழையை நம்பித்தான் விதைப்பு, மொட்டைக்கறுப்பன் எண்டொரு நெல்லு இருக்கு... எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கும் சந்தோசம்.

"செம்மணியில நிண்டனீங்களோ?"

"ஓம் மாமா, அந்த வளைவுக்குக் கிட்ட படம் எடுத்தனாங்கள்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"காத்துக் கூட, கவனமா ஓடுங்கோ எண்டவர்."

1996 செப்ரெம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி ஏ.எல். சோதினை எழுதிப்போட்டுச் சைக்கிளில கைதடிக்குத் திரும்பினவ. அந்தச் செம்மணிக் காவலரணிலதான் ஆமி மறிச்சது. தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஒருத்தரும் திரும்பேல்லை. 1998இல் தீர்ப்பு வந்தபோது, தண்டனை பெற்ற சிப்பாயே இங்க 300, 400 பேர் புதைபட்டுக் கிடக்கினம் எண்டு நீதிமன்றத்தில சொன்னான். 1999இல் கிண்டினதில 15 உடல். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில கிண்டினதில 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளின்ரதும். கிருஷாந்தி இருந்திருந்தால் கிட்டத்தட்ட என்ர வயசுதான்.

இதைச் சொல்லாமல் அந்த ரோட்டைக் காட்டுறதுக்கு என்ன பேர்?

என்னோட சமையலறையில நிக்கிற கூட்டாளி சொல்லுறான், "விடடா, சனத்துக்கு நாலு காசு வரட்டும். எலும்புக்கூட்டுக் கதை சொன்னா ஆர் வருவான்?" வருவாங்கள்! கம்போடியாவில சோயுங் எக் புதைகுழியைப் பார்க்க உலகம் முழுக்கப் போகுது. ஊரிலயும் எதையும் காட்டாமல் விடேல்லை. ஆனையிறவில ஒரு சிப்பாயின்ர நினைவா புல்டோசர் நிக்குது, பஸ் பஸ்ஸா வந்து படம் எடுக்கினம். அவைக்கு நினைவு, எங்களுக்குக் கொக்கும் இளநீரும். நான் இருக்கிற கியூபெக்கில ஒவ்வொரு கார் நம்பர்த் தகட்டிலயும் "எனக்கு ஞாபகம் இருக்கு" எண்டு பிரெஞ்சில எழுதிக் கிடக்கு. ஆரும் அதால சுற்றுலா படுத்துப்போச்சு எண்டு சொன்னதில்லை.

அந்த வழிகாட்டிப் பெடியனில எனக்குக் கோபமில்லை. அவனுக்கு லைசென்ஸ் வேணும், வீட்டில அடுப்பெரிய வேணும். கோபம் அந்தப் பயணத்தைத் திட்டம் போட்டு விக்கிறவையில. அதைவிடக் கூட என்னில.

1995 ஒக்ரோபர் 30 இரவு நானும் அந்தப் பாலத்தைச் சைக்கிளோட தாண்டினவன். நாலைந்து லட்சம் சனம், ஒரு ஒடுங்கின பாதை, மழை. கரியரில அரிசி மூட்டை, ஹாண்டிலில தண்ணிக் கான், பின்னால பிடிச்சபடி அம்மா. ஏறி ஓடுறதெங்க, உருட்டுறதே பெரும்பாடு. கைதடி போய்ச்சேர விடிஞ்சிட்டுது. பிறகு கம்பஸுக்கு எடுபட்டு, அதையும் முடிக்காமல் இங்க வந்து கோப்பை கழுவினது வேற கதை. இந்தக் கதையை அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளை, ஏன் மனசைக் குழப்புவான் எண்டு அக்கா சொல்லுவா. எனக்கும் அது வசதியாப் போச்சு. பிறகு காசு வாங்கின வழிகாட்டி சொல்லேல்லை எண்டு குதிக்கிறன்.

போன ஞாயிறு வேலை முடிஞ்சு போய் எல்லாம் சொன்னன். கன நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அந்தப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தா.

ஆவணியில திரும்பப் போறாவாம். அப்ப வயல் காஞ்சு வெறுந்தரையாக் கிடக்கும். வழிகாட்டி வேண்டாம், நாவற்குழிப் பாலத்தில இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போ எண்டு சொல்லியிருக்கிறன்.