துப்பறிவாளர் வராத மலை: கிறீஸ் பூதம் விட்டுச்சென்ற கேள்விகள்

மலைக்காட்டில் சடலங்கள் கிடக்கின்றன. அவற்றின்மேல் சிலந்தி வலை போன்ற ஒன்று சுற்றியிருக்கிறது. 'வனரட்சி' என்ற காட்டுப் பேயின் வேலை இது என்கிறார்கள் ஊர்மக்கள். விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி நம்ப மறுக்கிறார். 2024 மார்ச்சில் அமேசான் பிரைமில் வெளியான 'இன்ஸ்பெக்டர் ரிஷி' தொடரின் கதை இது. பத்து அத்தியாயங்கள் கொண்ட இத்தொடரை நந்தினி இயக்க, நவீன் சந்திரா அதிகாரியாக நடித்திருந்தார்.

இந்த வகைக் கதை தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு', தண்டிப்பது கறுப்பசாமியா மனிதனா என்ற கேள்வியை வைத்தே வாராவாரம் மக்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது. பேய், செய்வினை, சாமி கலந்த துப்பறியும் கதைகளில் எழுதப்படாத ஓர் உடன்பாடு உண்டு. எவ்வளவு பயமுறுத்தினாலும் கடைசி அத்தியாயத்தில் விடை கிடைக்கும். யார் செய்தார், ஏன் செய்தார் என்று ஒருவர் வந்து சொல்வார். அந்த நம்பிக்கையில்தான் நாம் பயத்தை ரசிக்கிறோம்.

2011 ஓகஸ்ட்டில் இலங்கையில் இதேபோன்ற ஒரு கதை நிஜத்தில் நடந்தது. மலையகத் தோட்டங்களிலிருந்து கிழக்குக்கும் அங்கிருந்து வடக்குக்கும் பரவியது. உயிர்கள் போயின. பெண்கள் காயப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் கைதானார்கள். ஆனால் அந்தக் கதைக்குக் கடைசி அத்தியாயம் இன்றுவரை இல்லை. அதன் பெயர் கிறீஸ் பூதம்.

அந்த ஓகஸ்ட்டில் நடந்தவை

கிறீஸ் பூதம் என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது. பிடிபட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் திருடனைச் சிங்களக் கிராமங்களில் 'கிறீஸ் யக்கா' என்பார்கள். 2011இல் அந்தப் பழைய பெயருக்குப் புதிய உருவம் வந்தது. இருட்டில் பெண்களைத் தாக்குகிறான், நகத்தால் கீறுகிறான், கூரையில் தாவுகிறான், காலில் சுருள்கம்பி பொருத்தியிருக்கிறான் என்று பேச்சு எழுந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின.

பயத்துக்கு ஒரு நிஜப் பின்னணியும் இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தை, கொட்டகெத்தனப் பகுதியில் 2008 முதல் பெண்கள், குறிப்பாக வயதான பெண்கள், ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுவந்தார்கள். அந்தச் செய்தி அயலிலுள்ள தோட்டங்களை எட்டாமல் இருக்க முடியாது.

ஓகஸ்ட் முற்பகுதியில் பதுளை, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் ஆண்கள் கத்தியும் தடியும் டோர்ச் லைட்டுமாக இரவுக்காவல் இருக்கத் தொடங்கினார்கள். ஹப்புத்தளைப் பகுதியில் கிறீஸ் பூதம் என்ற சந்தேகத்தில் இருவர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். பிறகு பொத்துவில், கிண்ணியா, மட்டக்களப்பு என்று கிழக்கு கொந்தளித்தது. துரத்தப்பட்டவர்கள் படைமுகாமுக்குள் ஓடி மறைந்ததாகக் கூறி மக்கள் முகாம்களைச் சூழ்ந்தார்கள். 21ஆம் திகதி புத்தளத்தில் நடந்த மோதலில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இராணுவத்தினர் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை இழுத்துச்சென்று அடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பலர் காயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 25 அன்று, அவசரகாலச் சட்டம் இனி நீடிக்கப்படமாட்டாது என்று ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் அறிவித்தார். அதன் இடத்தைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழான புதிய ஒழுங்குவிதிகள் பிடித்துக்கொண்டன. படைகளைக் கிராமங்களில் தொடர்ந்து வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான் கிறீஸ் பூதம் என்ற சந்தேகம் அன்று பலமாக இருந்தது. அதற்குச் சான்று வைக்கப்படவில்லை. அதைப் பொய்யென்று காட்டக்கூடிய வெளிப்படையான விசாரணையும் நடத்தப்படவில்லை.

புதையலும் இரத்தமும்

அப்போது வாய்மொழியாக ஓடிய கதைகளில் ஒன்று சூனியம் சம்பந்தப்பட்டது. எங்கோ பழைய அரசனின் புதையல் இருக்கிறது. அதைக் காக்கும் பூதத்துக்குப் பெண்களின் இரத்தம் காட்டவேண்டும். அதற்காகத்தான் இந்த ஆட்களை மேலிடம் அனுப்புகிறது என்பது அந்தக் கதை. புதையலுக்குப் பலி கேட்கும் பூதம் இலங்கையின் எல்லாச் சமூகங்களுக்கும் பழக்கமானது. தோட்டத்திலும் அது புதிதாகக் கேட்கவில்லை.

மலையகத்தில் அருவத்தோடு வாழ்வது அன்றாடம். கவ்வாத்துக்கு ஒரு சாமி, ஸ்டோர் இயந்திரத்துக்கு ரோதை முனி, எல்லைக்கு முனியாண்டி, மாடசாமி. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் கோடாங்கி வந்து உடுக்கடித்துப் பார்ப்பார். இதைச் சொல்லித்தான் அன்று கொழும்பில் பலர் தோட்ட மக்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பூதம் என்று பெயர் சொன்ன மக்கள், அதைப் பேயாக நடத்தவில்லை. பேயென்று நம்பியிருந்தால் கோடாங்கியை அழைத்துக் கழிப்புக் கழித்திருப்பார்கள். அவர்கள் எடுத்தது கத்தியும் வெளிச்சமும். வருபவன் மனிதன், அவனைப் பிடிக்கமுடியும், அவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். 'பூதம்' என்பது, இன்னாரென்று பெயர் சொல்லமுடியாத மனிதனுக்கு அவர்கள் வைத்த பெயர்.

லயத்தில் இரவு

இந்தப் பயம் ஏன் மலையில் இவ்வளவு எளிதாகத் தீப்பிடித்தது என்பதற்கு லயத்தைப் பார்த்தாலே போதும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு அறையின் தகரத்தில் சத்தம் கேட்டால் முழு லயத்துக்கும் கேட்கும். கழிப்பறை வெளியே, பல இடங்களில் வெளிச்சமும் இல்லை. பெண்கள் விடியுமுன் எழுந்து தண்ணீருக்கும் பிறகு பிரட்டுக்களத்துக்கும் போகவேண்டும். பனிமூட்டத்தில் ஒரு மலையில் கொழுந்தெடுப்பவரை அடுத்த மலையில் இருப்பவர் பார்க்கமுடியாது.

வேலைக்குப் போகாமல் இருக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. 2011ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 515 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 380 ரூபாய்தான். 105 ரூபாய் வருகைக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தவர்களுக்கே அது உரியது. பயந்து நான்கு நாள் வீட்டிலிருந்த பெண், அந்த நாட்களின் சம்பளத்தோடு மாதக் கொடுப்பனவையும் இழக்கக்கூடும். பூதத்துக்குப் பயந்தால் அடுப்பு எரியாது.

இதற்கெல்லாம் மேலாக நினைவு ஒன்று இருக்கிறது. 1977இலும் 1981 ஓகஸ்ட்டிலும் 1983இலும் லயங்களைத் தேடிவந்தவை பேய்கள் அல்ல, கும்பல்கள். 1981இல் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. அப்படித் துரத்தப்பட்டவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பின்னர் வன்னிப் போரையும் அனுபவித்தார்கள். இதை வாசிப்பவர்களில் சிலரது பெற்றோரும் அவர்களில் இருக்கலாம். இருட்டில் வரும் அந்நியனைப் பற்றிய அந்த மக்களின் பயத்துக்குக் காரணம் கற்பனை மட்டும் என்று எப்படிச் சொல்வது?

முறைப்பாடு செய்ய பொலிசுக்குப் போனால், தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்தச் சட்டம் பல தோட்டப்புறப் பொலிஸ் நிலையங்களின் மேசையை இன்னும் வந்தடையவில்லை. தெரியாத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்புபவருக்குத் தன் முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

டெல்லியும் காஷ்மீரும்

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்' பயம் பரவியது. மொட்டைமாடியில் தூங்கியவர்கள் பயத்தில் குதித்து இறந்தார்கள். டெல்லி பொலிஸ் தனிப்படை அமைத்தது, பரிசு அறிவித்தது, மருத்துவ நிபுணர்களைக் கொண்டு காயங்களை ஆராய்ந்தது. அப்படி ஒரு உருவம் இல்லை, இது கூட்டு அச்சம் என்று நிபுணர்கள் முடிவு சொன்னார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களோ இல்லையோ, மக்களுக்கு ஒரு விடை கொடுக்கப்பட்டது.

2017இல் காஷ்மீரில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. முகம் தெரியாதவர்கள் பெண்களின் கூந்தலை அறுத்துவிட்டு ஓடுவதாக நூற்றுக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. படையினர்மீது சந்தேகம் எழுந்தது. ஊருக்கு ஊர் இரவுக்காவல் அமைத்தார்கள். சம்பந்தமில்லாதவர்கள் அடிபட்டார்கள், முதியவர் ஒருவர் தவறுதலாகக் கொல்லப்பட்டார். படைமுகாமும் அவநம்பிக்கையும் சேர்ந்திருக்கும் இடத்தில் வதந்தி என்ன செய்யும் என்பதற்கு நாவாந்துறையும் காஷ்மீரும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

நம் கையிலும் இரத்தம்

அரசைக் குற்றம் சாட்டுவதோடு இந்தக் கட்டுரையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. ஹப்புத்தளையில் கொல்லப்பட்ட இருவரும் பூதங்கள் அல்ல. அவர்களைக் கொன்றதும் பூதம் அல்ல. பயந்த மனிதர்கள் ஒன்றுசேர்ந்து கொன்றார்கள். நாவாந்துறையை நாம் நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். அந்த இருவரையும் நாம் நினைவுகூருவதில்லை. விசாரணையின்றித் தண்டிப்பது அநியாயம் என்று போர்க்காலம் முழுவதும் சொல்லிவந்த சமூகம், சந்தேகத்தில் ஒருவரை அடித்துக் கொல்வதைத் தற்காப்பு என்று கடந்துபோக முடியாது.

ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு நாளும் 'மர்ம மனிதன்' என்று தலைப்பிட்டபோது, எந்தச் சம்பவம் உறுதியானது, எது கேள்விப்பட்டது என்று பிரித்துச் சொல்லும் பொறுமை பெரும்பாலும் இருக்கவில்லை. அப்போது குறுஞ்செய்தியில் பரவியது. இன்று வட்ஸ்அப் குழுக்களில் அதே கதை ஒரே இரவில் நாட்டைச் சுற்றிவிடும்.

விடை கிடைக்காத வீடுகள்

வடக்குகிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். ஆணைக்குழுக்களுக்குப் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், படத்தை ஏந்தி நின்றார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடர்போராட்டம் தொடங்கினார்கள். காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. விடை வரவில்லை. இடையில் சாத்திரம் கேட்டார்கள், குறி கேட்டார்கள், மை போட்டுப் பார்த்தார்கள். 'பிள்ளை உயிரோடு இருக்கிறான், வடக்குத் திசையில் இருக்கிறான்' என்று குறிசொல்பவர் சொன்ன வார்த்தையில் ஒரு தாய் இன்னும் ஒரு வருடம் உயிர்வாழ்ந்திருப்பார். அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. அலுவலகம் சொல்லவேண்டிய விடையைச் சொல்லாதபோது அந்த இடத்தைக் குறிசொல்பவர் நிரப்புகிறார்.

ஆனால் அந்த இடத்தை நிரப்புபவர்கள் எல்லோரும் ஆறுதல் தருபவர்கள் அல்ல. 2021 பெப்ரவரி இறுதியில் தெல்கொடையில் பேயோட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். இது ஏழைகளின் அறியாமை மட்டும் என்றும் சொல்லமுடியாது. 2020இல் கொரோனாவைத் தடுக்க மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் விட்டவரும், கேகாலைப் பாணியைக் குடித்தவரும் நாட்டின் சுகாதார அமைச்சர். சில வாரங்களில் அவருக்கே தொற்று வந்தது.

ஒரு விசாரணை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 1996இல் நடந்த கிருஷாந்தி கொலை வழக்கு தீர்ப்புவரை போனது. 1998இல் அதில் தண்டிக்கப்பட்ட படையினன் ஒருவன் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்துதான் செம்மணிப் புதைகுழி வெளியே வந்தது. 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், நீதிமன்றக் கண்காணிப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. செம்மணி வெளியைப் பற்றி எத்தனையோ பேய்க்கதைகள் சொல்லப்பட்டிருக்கலாம். மண்வெட்டியும் நீதவானும் வந்தபிறகுதான் அங்கே யார் இருந்தார்கள் என்பது தெரியத்தொடங்கியது.

மலையகத்துக்கும் தேவைப்படுவது இதுதான். தோட்டப்புறப் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழில் முறைப்பாடு எழுதும் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுவாங்கும் பழக்கம் நம்மவருக்கு வேண்டும். லயத்துக்கும் கழிப்பறைக்கும் இடையில் ஒரு மின்குமிழ் எரியவேண்டும். பிடிபட்டவரை அடிக்காமல், பலர் முன்னிலையில் கையளிக்கத் தோட்டத் தலைவர்களும் கோயில் கமிட்டியும் இளைஞர்களோடு இப்போதே பேசிவைக்கவேண்டும். அடுத்த வதந்தி வந்தபிறகு பேச நேரமிருக்காது. 2011 ஓகஸ்ட்டில் காயப்பட்ட பெண்களின் முறைப்பாடுகளும் கொல்லப்பட்டவர்களின் வழக்குகளும் என்னவாயின என்று பாராளுமன்றத்திலுள்ள மலையக, வடக்குகிழக்கு உறுப்பினர்கள் சேர்ந்து கேட்கலாம். அதைக் கேட்பதற்குப் பணம் எதுவும் செலவாகாது.

தொடரில் வனரட்சி யார் என்பதைப் பத்து அத்தியாயம் பொறுத்திருந்தால் தெரிந்துகொள்ளலாம். அன்று கூரைமேல் சத்தம் கேட்டுப் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்ட தோட்டத்துத் தாய் இன்னும் காத்திருக்கிறார். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, அதே லயத்தில் கைபேசியில் பேய்த்தொடர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.